ஆயில் போன வழி

நாமக்கல்லில் லாரிப் பட்டறைகள் விடியும் முன்பே விழித்துவிடுகின்றன. சாலையின் இருபுறமும் பாடி கட்டுகிறவர்கள், ஸ்பிரிங் பட்டை மாற்றுகிறவர்கள், லேத் பட்டறைகள், பம்ப் சர்வீஸ் கடைகள். ஒவ்வொன்றும் தனித் தொழில், ஒவ்வொன்றுக்கும் தனிக் கை. இன்ஜின் நோய் பார்ப்பதில் பேர் வாங்கிய ஒரு மேஸ்திரியின் பட்டறைக்கு அன்று காலை ஆறு மணிக்கே போய்விட்டேன். அறுபதைக் கடந்தவர். மடித்துக் கட்டிய லுங்கி, தோளில் வெள்ளைப் பனியன் வேஸ்ட்.

வாசலில் இருபது வயதைத் தாண்டிய பத்துச் சக்கர லாரி ஒன்று நின்றது. ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜின். அதன் உரிமையாளரே ஓட்டுநரும். அந்த ஒரு வண்டியை நம்பித்தான் வீடு.

“ஆயில் குடிக்குதுங்ணா. எங்க போகுதுன்னே தெரியல” என்றார்.

நிற்கிற இடத்தில் ஒரு சொட்டு இல்லை. சைலன்சரில் நீலப் புகை இல்லை. ஆனாலும் ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒன்றரை லிட்டர் குறைகிறது. வேறொரு பட்டறையில், இன்ஜினை இறக்கி லைனர், பிஸ்டன், ரிங் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். லட்சத்தைத் தாண்டும் செலவு. வண்டி நிற்கும் நாட்களுக்கு வாடகையும் கிடையாது. அவர் முகம் வாடியிருந்தது.

மேஸ்திரி ஸ்பேனரைத் தொடவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தார். “ஆயில் எப்ப பாப்பீங்க தம்பி? வண்டி நின்ன உடனேவா, ஆறின பிறகா? மேடு பள்ளத்துல நிறுத்திப் பாப்பீங்களா?” ஓடி நின்ற இன்ஜினில் ஆயில் மேலேயே தங்கியிருக்கும். இன்ஜினின் அடியிலுள்ள சம்ப்புக்கு இறங்கக் கால்மணி நேரமாவது வேண்டும். சரிவில் நின்றால் அளவு பார்க்கும் ஸ்டிக் பொய் சொல்லும். இல்லாத நோய்க்கு வைத்தியம் பார்த்துவிடக் கூடாது என்பதில் அவருக்கு அவ்வளவு கவனம்.

பிறகு ஸ்டிக்கை உருவி மோந்து பார்த்தார். ஒரு சொட்டைத் தாளில் விட்டார். டீசல் கலந்திருந்தால் சொட்டைச் சுற்றி வெளிறிய வளையம் பரவுமாம். பம்ப்பில் கசியும் டீசல் சம்ப்பில் இறங்கினால் ஆயில் அளவு கூடும். ஒரு வழியாக ஆயில் போய்க்கொண்டிருந்தாலும் இன்னொரு வழியாக டீசல் வந்து அதை மறைத்துவிடும். “குறையறது மட்டும் நோய் இல்லீங்க, கூடறதும் நோய்தான்” என்றார் என்னிடம். தாளில் வளையம் இல்லை.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, மேல் கோடு வரை ஆயிலை நிரப்பினார். இன்ஜினைக் கழுவித் துடைத்து, மூட்டுகளிலெல்லாம் முகப் பவுடரைத் தூவினார். “தூத்துக்குடி லோடு போயிட்டு நேரா இங்க வாங்க. வழியில ஆயில் ஊத்தாதீங்க. ஆனா நிக்கற இடத்துலயெல்லாம் ஸ்டிக்கைப் பாருங்க. கீழ் கோட்டைத் தொட்டா மட்டும் எனக்குப் போன் பண்ணுங்க.” அவ்வளவுதான். அன்று அவர் எதையும் கழற்றவில்லை.

மூன்றாம் நாள் நானும் திரும்பப் போனேன். வண்டி 600 கிலோமீட்டருக்கு மேல் ஓடி வந்திருந்தது. ஆறவிட்டு, அளவுக் குவளையில் ஊற்றிப் பார்த்தால் சரியாக ஒரு லிட்டர் இறங்கிய பிறகே ஆயில் மேல் கோட்டைத் தொட்டது. ஓட்டுநர் சொன்னது உண்மை. தூவிய பவுடரோ எந்த மூட்டிலும் நனையவில்லை. ஓடும்போது மட்டும் கசிந்து காற்றில் பறந்துவிடும் கசிவுகள் உண்டு. அவையும் பவுடரில் ஈரக்கோடு போட்டுக் காட்டிக் கொடுத்துவிடும். இங்கே அதுவும் இல்லை.

பிறகு ஆயில் போகக்கூடிய வாசல்களை ஒவ்வொன்றாகத் தட்டினார். இன்ஜின் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து உள்ளங்கையைக் காட்டினார். ரிங் தேய்ந்திருந்தால் எரிந்த காற்று கீழே இறங்கிக் குப்குப்பென்று கையை அடிக்கும். மெல்லிய மூச்சுதான் வந்தது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் நீலப் புகை வந்தால் வால்வு கைடு வழியாக இரவெல்லாம் ஆயில் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். அப்படியும் இல்லை. ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீரின் மேல் ஆயில் படலம் மிதக்கிறதா என்று பார்த்தார். ஓடுகிற இன்ஜினில் தண்ணீரைவிட ஆயிலுக்கு அழுத்தம் அதிகம். ஆயில் கூலர் ஓட்டையானால் ஆயில்தான் தண்ணீருக்குள் போகும். தண்ணீர் தெளிவாக இருந்தது. டர்போவிலிருந்து வரும் ஹோஸைக் கழற்றி உள்ளே துணி விட்டுத் துடைத்தார். லேசான பிசுபிசுப்பு, அந்த வயதுக்கு உரியதுதான்.

ஒவ்வொரு வாசலும் மூடியிருப்பது தெரியத் தெரிய ஓட்டுநரின் முகம் இன்னும் வாடியது. மேஸ்திரியின் முகம் தெளிந்தது. “ஏர் டேங்குல தண்ணி எடுத்து எத்தனை நாளாச்சு?” என்று திடீரென்று கேட்டார்.

ஓட்டுநர் தயங்கினார். “டிரெயின் காக் துருப்பிடிச்சு இறுகிப் போச்சுங்ணா. ரெண்டு வருசமாக் கை வைக்கல.”

இங்கேதான் எனக்கும் விளங்கியது. லாரியின் பிரேக்குக்குக் காற்றுத் தருவது ஏர் கம்ப்ரசர். அதற்கென்று தனி ஆயில் கிடையாது. இன்ஜின் ஆயிலே ஒரு மெல்லிய குழாய் வழியாக அதற்குள் போய்த் திரும்பவும் இன்ஜினில் விழுகிறது. கம்ப்ரசருக்கும் பிஸ்டன் உண்டு, ரிங் உண்டு. அவை தேய்ந்தால் ஆயில் காற்றோடு மேலேறும். அது எரிவதில்லை, அதனால் புகை இல்லை. தரையில் சொட்டுவதும் இல்லை. காற்றுக் குழாய் வழியாக டேங்குக்குப் போய் அங்கேயே படிந்துவிடும். காற்றிலுள்ள ஈரத்தைப் பிடிக்கும் ஏர் டிரையர் இந்தப் பழைய வண்டியில் கிடையாது. ஓட்டுநர் தினமும் டிரெயின் காக்கைத் திறந்து தண்ணீரை வெளியேற்ற வேண்டும். அதைச் செய்திருந்தால் எப்போதோ ஆயில் தன்னைக் காட்டிக் கொடுத்திருக்கும்.

சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, காற்றை மெல்ல இறக்கி, டிரெயின் காக்கைக் கழற்றினார்கள். கறுப்பும் பழுப்புமாய்க் கூழ்போல் ஒன்று இறங்கியது. பழைய பெயின்ட் டப்பா முக்கால்வாசி நிறைந்தது. மிச்சம், அழுத்தம் நிறைந்ததும் ‘டிஸ்’ என்று காற்றைத் தள்ளும் அன்லோடர் வால்வு வழியாகப் போயிருந்தது. அதன் அடியில் சேஸில் படிந்திருந்த கறையை எல்லோரும் கிரீஸ் என்றே நினைத்திருந்தார்கள்.

மேஸ்திரி அப்போதும் திருப்தியடையவில்லை. கம்ப்ரசரிலிருந்து காற்று வெளியேறும் குழாயைக் கழற்றி, எதிரே வெள்ளைத் துணியைப் பிடித்து இன்ஜினை ஓடவிட்டார். ஒரு நிமிடத்தில் துணி முழுக்க ஆயில் புள்ளிகள். குழாயின் உள்ளே கரி படிந்து துளை சுருங்கியிருந்தது.

“சரி, இது ஏன் தேஞ்சுது?” என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு, கம்ப்ரசர் காற்றை இழுக்கும் ஹோஸை விரலால் தடவிக்கொண்டே போனார். ஏர் ஃபில்டரைத் தாண்டி வரும் சுத்தமான காற்றைத்தான் அது இழுக்க வேண்டும். கிளிப்புக்கு அடியில் ஹோஸ் கீறி வாய் பிளந்திருந்தது. சாலைப் புழுதியை நேராக இழுத்து, அதுவே உப்புத்தாள்போல் ரிங்கையும் போரையும் அரைத்திருந்தது. புதுக் கம்ப்ரசரை மட்டும் மாட்டி அனுப்பியிருந்தால் அதையும் அந்தக் கீறல் தின்றிருக்கும்.

டப்பாவிலிருந்த கூழை ஓட்டுநரிடம் காட்டி, “ஆயில் காசு போனாப் போகுது தம்பி. இது பிரேக் வால்வுக்குள்ள போய் ரப்பரை ஊற வெச்சிருந்தா? லோடோட ஒரு இறக்கத்துல பெடலை மிதிக்கறப்பத் தெரியும்” என்றார் மேஸ்திரி. ஓட்டுநர் பதில் சொல்லவில்லை. எனக்கும் உடல் சில்லிட்டது. குறைந்த ஆயிலைப் பற்றியே மூன்று நாளாகப் பேசிக்கொண்டிருந்தோம். அது போய்ச் சேர்ந்த இடம் அதைவிடப் பெரிய கவலை.

கம்ப்ரசரில் போர் வேலை செய்து ரிங் மாற்றி, குழாயையும் ஹோஸையும் புதிதாகப் போட்டு, காற்று லைன்களைச் சுத்தம் செய்து, ஊறிப்போன வால்வு ரப்பர்களை மாற்றி, மறுநாள் மாலை வண்டி தயாரானது. இன்ஜினை இறக்கும் செலவில் சிறு பங்குதான். பில்லைப் பார்த்தேன். சாமான்களுக்கு ஒரு தொகை, கழற்றி மாட்டிய கூலிக்கு ஒரு தொகை. மூன்று நாள் யோசித்ததற்கு அதில் ஒரு ரூபாயும் இல்லை.

அது என்னை உறுத்தியது. நம் பட்டறைகளில் போல்ட்டைக் கழற்றினால்தான் கூலி. கழற்றாமல் கண்டுபிடிக்கிறவருக்குக் கூலி இல்லை. இன்ஜினை இறக்கியிருந்தால் இதே மேஸ்திரிக்குப் பல மடங்கு கிடைத்திருக்கும். நல்ல ரிங்குகளைத் தூக்கிப் போட்டுப் புதிது மாட்டிய பின்னும் ஆயில் குறைந்துகொண்டேதான் இருந்திருக்கும். இறக்கச் சொன்ன பட்டறைக்காரர் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். யோசிக்கும் நேரத்துக்குக் காசில்லாத தொழிலில் யோசிக்காமல் இருப்பதுதான் பிழைப்பு. இந்த அறிவு அடுத்த தலைமுறைக்குப் போக வேண்டுமென்றால் நோய் பார்ப்பதற்கென்று பில்லில் ஒரு வரி வேண்டும். வண்டிக்காரர்கள் அதை மனமுவந்து கொடுக்கவும் வேண்டும்.

ஓட்டுநருக்கு அது புரிந்திருந்தது. பில் தொகைக்கு மேல் கொஞ்சம் சேர்த்து நீட்டினார். மேஸ்திரி முதலில் மறுத்தார். “இது பார்த்ததுக்குங்ணா” என்றதும் வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை லோடு ஏற்றப் புறப்படும் முன் ஓட்டுநர் வண்டிக்கு அடியில் குனிந்து புது டிரெயின் காக்கைத் திருகினார். புஸ்ஸென்று காற்று வந்தது, கூடவே இரண்டு சொட்டுத் தண்ணீர். விரலில் தொட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தெளிவாக இருந்தது.