முழங்கால் பக்கம்

அம்மன் கோயிலுக்கு வடபுறம், சப்பரக் கொட்டகையை ஒட்டி அந்தக் கல் கிடந்தது. முழு உருண்டையும் இல்லை, முட்டை வடிவமும் இல்லை. ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைந்த குறுக்களவு. எத்தனையோ தலைமுறை ஆண்களின் நெஞ்சும் தொடையும் உரசி உரசி, வீட்டு ஆட்டுரல் குழவியைப் போல வழுவழுத்துப் போயிருந்தது. சித்திரை வெயிலில் அதன்மேல் உட்கார முடியாது. மார்கழி விடியலில் கன்னத்தை வைத்தால் குளிர்ச்சி பல் வரைக்கும் ஏறும். நான் வைத்துப் பார்த்திருக்கிறேன்.

நாங்குநேரிக்குத் தெற்கே, செம்மண்ணும் பனையும் உடைமரமுமாகக் கிடக்கும் பக்கம் எங்கள் ஊர். அங்கே அதற்கு இளவட்டக்கல் என்று பேர். இளந்தாரிக்கல், கல்யாணக்கல் என்றும் சில ஊர்களில் சொல்வார்கள். அதைத் தூக்கித் தோளுக்குப் பின்னால் போட்டவனுக்குத்தான் அந்தக் காலத்தில் பெண் கொடுத்தார்கள் என்பது வழிவழியாக வந்த கதை. எங்கள் தெருத் திண்ணைகளில் உட்கார்ந்திருந்த தாத்தாக்கள் எல்லாரும் அந்தக் கதையின் ஆட்கள். ஒருவர் மிச்சமில்லாமல் எல்லாரும் தூக்கியிருந்தார்கள். "தோள்ல வச்சுக்கிட்டே கோயிலை மூணு சுத்து சுத்துனேன்ல, உங்க ஆச்சிகிட்ட கேட்டுப்பாரு" என்பார் ஒரு தாத்தா. கேட்பதற்கு ஆச்சி உயிரோடு இல்லை. நான் அவரை நம்பினேன். எல்லாரையும் நம்பினேன். நம்பியதால் ஒரு கவலையும் கூடவே வந்து ஒட்டிக்கொண்டது. என் அப்பா அந்தக் கல்லைத் தூக்கியதாக யாருமே சொல்லவில்லை.

அப்பா பக்கத்து டவுனில் ஓர் அரிசி மில்லில் கணக்கு எழுதினார். மெலிந்த உடம்பு. காலையில் சைக்கிள், மாலையில் சைக்கிள், நடுவில் பேரேடு. சட்டைப் பையில் நீல மை ஊற்றிய பேனா. ஒரு தானியம் கூடாமல் குறையாமல் கணக்கு ஒத்துவர வேண்டும் என்பது அவருக்கு ஒரு நோன்பு மாதிரி. மில் கொட்டடியில் கிடந்த பிளாட்பாரத் தராசும் அவர் பொறுப்புதான். அந்தத் தராசால்தான் எங்கள் ஊரின் பழங்கதை ஒன்று ஒரே நாளில் இளைத்தது.

1983 மார்கழியில் இரண்டு தாத்தாக்களுக்குள் சண்டை வந்தது. கல்லின் கனம் இருநூறு கிலோ என்றார் ஒருவர். அவ்வளவு இருக்காது, நூற்றைம்பதுதான் என்றார் மற்றவர். நாலு நாள் பேச்சு வார்த்தை இல்லை. கடைசியில், நெல் வண்டி மில்லுக்குப் போகும்போது கல்லையும் ஏற்றி நிறுத்துப் பார்ப்பது என்று ஊர் முடிவு செய்தது. கல்லுக்குச் சூடம் காட்டி, வைக்கோல் பரப்பி, நாலு பேர் உருட்டி ஏற்றினார்கள். எனக்கு அப்போது பத்து வயது. வண்டியின் பின்பக்கம் கல்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்து போனேன். அதைவிடப் பெரிய பயணம் அதன்பிறகு நான் போகவில்லை என்றுகூடச் சொல்வேன்.

தராசின் தண்டில் அப்பா குண்டை ஒவ்வொரு பல்லாக நகர்த்தினார். தண்டு ஆடி, நடுவில் நின்றது. "86" என்றார். யாரும் எதுவும் பேசவில்லை. "உங்க தராசைச் சரிபாரும்" என்றார் இருநூறு கிலோ தாத்தா. அப்பா நாலு படிக்கல்லை வைத்து நிறுத்துக் காட்டினார். மறுபடியும் கல்லை ஏற்றினார்கள். 86 கிலோதான்.

பிறகு ஒவ்வொருவராகத் தராசில் ஏறினார்கள், சும்மா ஆசைக்கு. நான் 24 கிலோ. அப்பா 54. மில்லில் மூட்டை சுமக்கும் மாமா 58. அந்தக் கடைசி எண்தான் என்னைத் திகைக்க வைத்தது. ஏனென்றால் அந்த மாமா என் கண்ணெதிரே 75 கிலோ நெல் மூட்டையைப் பிடரியில் வாங்கிக்கொண்டு, சாய்த்து வைத்த பலகை மேல் நடந்து அட்டியின் உச்சிவரை ஏறுவார். அரிசி மூட்டை என்றால் 100 கிலோ. பிடரியில் தேங்காய் அளவுக்குச் சதை காய்ப்புக் கட்டித் திரண்டிருக்கும். தன்னைவிடக் கனமானதைச் சுமப்பவர் இந்தக் கல்லைப் பந்து மாதிரி தூக்கி எறிய வேண்டாமா? கேட்டேவிட்டேன்.

அவர் தலைத்துண்டை உதறி உட்கார்ந்தார். "ஏ மருமவனே, மூட்டையை நான் எங்கலே தூக்குதேன்? ரெண்டு பேரு தூக்கி என் மேல வைக்கான். நான் சுமக்கேன். சுமக்கது வேற, தூக்குறது வேற. குனிஞ்சு தரையில கிடக்கதை எடுன்னு சொல்லிப்பாரு, அம்பது கிலோவுக்கே இடுப்பு கேள்வி கேக்கும்."

இந்த ஒரு பேச்சில் எவ்வளவு இருந்தது என்பது வளர்ந்த பிறகுதான் புரிந்தது. பாரம் முதுகெலும்புக்கு நேர் மேலே உட்கார்ந்துவிட்டால் எலும்பே தூணாக நின்று தாங்கும். அதே பாரம் உடம்புக்கு முன்னால் ஒரு முழம் தள்ளி, தரையில் கிடந்தால், அதை நெம்புவது இடுப்பும் முதுகுத் தசையும்தான். அதிலும் எங்கள் கல்லுக்குப் பிடி கிடையாது. கம்பியில் கோத்த எடையென்றால் விரல்கள் வளைந்து பூட்டிக்கொள்ளும். உருண்டைக் கல்லை இரு கைகளாலும் அணைத்து, நெஞ்சோடு நசுக்கித்தான் பிடித்தாக வேண்டும். கல்லூரி நாட்களில் திருநெல்வேலியில் ஓர் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போனேன். எடை எதுவும் மாட்டாத வெறும் கம்பியே 20 கிலோ. பழக்கமில்லாத ஆரோக்கியமான ஆண், பிடி வாகாக இருந்தால், ஏறக்குறையத் தன் உடல் எடையைத் தரையிலிருந்து நிமிர்த்திவிடுவான்; தலைக்கு மேல் என்றால் அதில் பாதிக்கே திணறுவான் என்று அங்கே பயிற்சியாளர் சொன்னார். எனக்கு மில் தராசும் 54, 58 என்ற எண்களும் ஞாபகம் வந்தன.

இன்னொன்றும் இங்கே சொல்ல வேண்டும். ஐஸ்லாந்தில் துயூபாலோன்சாந்தூர் என்றொரு கருங்கல் கடற்கரை இருக்கிறது. அங்கே மீன்பிடிப் படகில் ஆள் சேர்க்க நாலு கற்களை வைத்திருந்தார்கள். 154 கிலோ கல்லுக்கு முழுப் பலசாலி என்று பேர், 100 கிலோவுக்கு அரைப் பலசாலி. அதற்கடுத்து 54 கிலோ. அதையாவது இடுப்பு உயரப் பாறையில் ஏற்றி வைத்தால்தான் துடுப்புப் போட இடம். கடைசிக் கல் 23 கிலோ. அதன் பேருக்கு உதவாக்கரை என்று பொருள். இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. எங்கேயோ ஒரு கடற்கரை, ஓர் ஆணுக்கு ஆகக் குறைந்த அளவு என்று 54 கிலோவில் கோடு போட்டிருக்கிறது. 1967இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு, வளர்ந்த ஆண் ஒருவன் கையால் சுமக்கும் பாரம் 55 கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்று பரிந்துரை எழுதியது. அந்தப் பரிந்துரை வந்து பதினாறு வருடம் கழித்தும் எங்கள் மாமா பிடரியில் 100 கிலோ ஏறிக்கொண்டிருந்தது. இன்று தானிய மூட்டை 50 கிலோவாகி, கடையில் அரிசி 25 கிலோச் சிப்பமாகி விட்டது. யாராவது அதைப் பார்த்து, "அந்தக் காலத்து ஆம்பளைங்க பலம் இப்ப எங்கய்யா" என்று பேசினால் எனக்குக் கோபம் வரும். அந்தப் பலத்தின் விலையை, ஐம்பது வயதில் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்ற மாமாவிடம் பார்த்தவன் நான்.

பொங்கல் வந்தது. 1984. மாட்டுப் பொங்கலன்று சாயங்காலம் கல்லைக் குளிப்பாட்டி, சந்தனம் வைத்து, கோயில் முன் மணலில் கொண்டுவந்து போட்டார்கள். 86 கிலோ என்று தெரிந்துவிட்டதால் இந்த வருடம் எல்லாருக்கும் தைரியம். நான் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி வைத்திருந்தேன். முதல் பக்கத்தில் "அசைவு", அடுத்ததில் "முழங்கால்", அடுத்து "நெஞ்சு", கடைசியில் "தோள்" என்று தலைப்புப் போட்டு, யார் யார் எதுவரை கொண்டுபோகிறார்களோ அவர்கள் பேரை அந்தப் பக்கத்தில் எழுதுவதாக ஏற்பாடு. எண்ணிக்கை தவறக் கூடாதென்று ஆளுக்கொரு புளியங்கொட்டையைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். கணக்குப்பிள்ளை மகன் அல்லவா.

கல்லைத் தூக்குவதில் ஒரு முறை உண்டு. கால்களை அகட்டிக் குந்த வேண்டும். கையைக் கல்லுக்கு அடியில் மணலுக்குள் நுழைத்து, இழுத்து, முதலில் முழங்காலுக்கு ஏற்ற வேண்டும். அங்கே அரை உட்காரலில், கல்லைத் தொடை மேல் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு ஒரு மூச்சு வாங்கலாம். அந்த இடம்தான் சிக்கல். அதுவரை இழுத்த கையை விட்டு, கல்லைச் சுற்றி அணைத்துப் பிடியை மாற்ற வேண்டும். மாற்றும் கணத்தில் கல் தொடையில் வழுக்கும். வழுக்காமல் நெஞ்சுக்கு உருட்டியவன், இடுப்பை முன்னால் தள்ளி நிமிர்ந்தால் பாதி வெற்றி. நெஞ்சிலிருந்து தோளுக்கு ஒரே எம்பல்.

உழவு மாடு மாதிரி திரண்ட உடம்புக்காரர்கள் வந்தார்கள். பட்டாளத்திலிருந்து விடுப்பில் வந்திருந்த அண்ணன் வந்தார். ஒருவர் பின் ஒருவராக முழங்காலில் கல்லை வைத்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, கண்ணை மூடி, பிறகு மணலில் விட்டார்கள். 'தொப்'பென்று விழும் சத்தம் உள்ளங்காலில் தெரியும். மூட்டை சுமக்கும் மாமா நெஞ்சு வரை கொண்டுபோனார். அதற்குமேல் கை எழவில்லை.

தோளுக்கு ஏற்றியவர்கள் இரண்டே பேர். ஒருவர் கிணறு வெட்டுபவர். மற்றவர் பனையேறும் சித்தப்பா. அவரைக் கூட்டத்தில் யாரும் கணக்கிலேயே வைத்திருக்கவில்லை. மூட்டை மாமாவைவிட மெலிந்தவர். காலில் தளைநார் மாட்டி, பதநீர் காலத்தில் நாளுக்கு நாற்பது பனை ஏறி இறங்குபவர். நெஞ்சிலும் உள்முழங்கையிலும் மரம் உரசிக் கறுத்த காய்ப்பு. அவர் குந்தினார், அணைத்தார். அவ்வளவுதான். வாழ்நாளெல்லாம் வழுக்கும் உருளையைக் கட்டிப்பிடித்தே பிழைத்த கைக்கு, கல்லும் ஒரு குட்டைப் பனையாகத்தான் தெரிந்திருக்கும். தோளில் உருட்டி, பின்னால் போட்டார். ஊர் குலவையிட்டது.

குலவையிட்டவர்களில் என் அத்தையும் ஒருத்தி. அன்று காலையில்தான் ஒரு பெரிய விறகுக்கட்டைத் தேரிக்காட்டிலிருந்து தலையில் சுமந்து வந்திருந்தாள். அவளைத் தராசில் ஏறு என்றோ, கல்லைத் தொடு என்றோ யாருக்கும் சொல்லத் தோன்றவில்லை. எனக்கும்தான். என் நோட்டில் பெண்களுக்குப் பக்கமே கிடையாது. 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் மீராபாய் சானு 49 கிலோப் பிரிவில் 115 கிலோவைத் தலைக்கு மேல் நிறுத்தியபோது, சிறு வயதில் மணிப்பூரில் அவர் விறகுக்கட்டு சுமந்த கதையைச் செய்திகளில் சொன்னார்கள். நான் தொலைக்காட்சி முன் எழுந்து நின்றுவிட்டேன். எங்கள் கல்லைவிட 29 கிலோ கூடுதல், அதுவும் தலைக்கு மேல். இப்போது எங்கள் மாவட்டத்திலேயே வடலிவிளையில் பொங்கலுக்குப் பெண்கள் இளவட்டக்கல் தூக்குகிறார்கள். அத்தை இருந்திருந்தால் அழைத்துப் போயிருப்பேன்.

2014இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் வேலூர் சத்துவாச்சாரியின் சதீஷ் சிவலிங்கம், 77 கிலோப் பிரிவில், ஒரே மூச்சில் தலைக்கு மேல் 149 கிலோவும், தோளில் நிறுத்தி ஏற்றும் முறையில் 179 கிலோவும் தூக்கித் தங்கம் வென்றார். 179 என்பது எங்கள் கல்லைப்போல இரண்டுக்கும் மேல். அப்படிப்பட்டவர்களைப் பார்க்கப் பார்க்க, மணலில் கல்லை முழங்காலோடு விட்டுவிட்டுப் போன எங்கள் ஊர்க்காரர்கள் மேல் எனக்குப் பிரியம் கூடுகிறதே ஒழியக் குறையவில்லை.

பத்து வயதில் அந்தப் பிரியம் இல்லை. வெளிச்சம் மங்கி, கூட்டம் பொங்கச்சோற்றுக்குக் கலைந்துகொண்டிருந்தபோது அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கல்லருகே வந்தார். யாரும் கூப்பிடவில்லை. சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்தார், பையில் பேனாவோடு. குந்தினார். முதல் இழுப்பில் கல் அசைந்தது. இரண்டாவதில் மணலை விட்டு எழும்பியது. மூன்றாவதில் முழங்காலுக்கு வந்தது. தொடை மேல் கல்லை வைத்துக்கொண்டு, தன்னைவிட 32 கிலோ கனமான ஒன்றோடு, அவர் வெகுநேரம் நடுங்கிக்கொண்டிருந்த மாதிரி எனக்குப் பட்டது. பிடி மாற்றவில்லை. மற்றவர்களைப்போல விட்டுவிடவும் இல்லை. வந்த வழியே மெல்ல இறக்கி, மணலில் சத்தமில்லாமல் வைத்தார். சட்டையை வாங்கி மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

நான் ஒரு புளியங்கொட்டையைப் பையில் போட்டேன். பேரை எழுதவில்லை.

ராத்திரி நாற்பது வாட்ஸ் பல்பின் கீழே நோட்டை முடித்துக்கொண்டிருந்தேன். கொட்டைகளை எண்ணி, அட்டையின் உள்பக்கம் "மொத்தம் 26" என்று எழுதியிருந்தேன். அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து நோட்டை வாங்கினார். ஒவ்வொரு பக்கமாக விரலை ஓட்டினார். அசைவில் 5. முழங்காலில் 13. நெஞ்சில் 5. தோளில் 2. உதடு அசைய ஒருமுறை கூட்டினார். மறுபடி கூட்டினார்.

"ஏய்யா, இருபத்தஞ்சுதான வருது. ஒரு ஆளு குறையுதே."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு பேனாவின் மூடியைக் கழற்றி, முழங்கால் பக்கத்தைத் திருப்பி, பட்டாளத்து அண்ணனின் பேருக்குக் கீழே, பேரேட்டில் எழுதும் அதே நிறுத்தி நிதானமான எழுத்தில் 14 என்று இலக்கம் போட்டு, தன் பேரை எழுதினார். மை காயும்வரை ஊதிவிட்டு நோட்டை என் கையில் கொடுத்தார்.