கண் ஒருவர் கையில், கருவி ஒருவர் கையில்

கோவையில் ஒரு மருத்துவமனை. அறுவை அரங்கில் அன்றைய முதல் கேஸ் பித்தப்பைக் கல். தொப்புளருகே சிறு கீறல் போட்டு ஊசி வழியே கரியமில வாயுவை ஏற்றினார்கள். வயிறு மெல்ல மேடிட்டது. அழுத்தம் 12 மில்லிமீட்டர் பாதரசத்தைத் தொட்டதும் நிறுத்திக்கொண்டார்கள். இந்த வாயு தீப்பிடிக்காது. ரத்தத்தில் கரைந்து மூச்சோடு போய்விடும். பிறகு நான்கு துளைகள். 10 மி.மீ.யில் இரண்டு, 5 மி.மீ.யில் இரண்டு.

அதற்குப் பின் எல்லோர் பார்வையும் மானிட்டரில்தான்.

நான் பார்க்கப் போனது சர்ஜனை. ஆனால் கண் போனது, பக்கத்தில் கேமரா பிடித்து நின்ற முதுநிலை மாணவியிடம்.

"கொஞ்சம் பின்னால வாம்மா... மங்குது, தொடச்சிட்டு வா."

கேமராவை உருவி, லென்ஸை வெந்நீரில் முக்கித் துடைத்து, மறுபடி உள்ளே விட்டார். லென்ஸின் முனை 30 டிகிரி சாய்வானது. ஒளிக்கேபிளை லேசாகத் திருப்பினாலே பித்தப்பையின் மறுபக்கம் தெரிகிறது. படம் சாய்ந்துவிட்டால் சர்ஜனுக்குத் திசை குழம்பும். எத்தனை பெரிய நிபுணரானாலும் இந்தப் பிள்ளை காட்டுவதைத்தான் பார்க்க முடியும்.

இத்தொழிலில் எல்லோரும் ஏறிவந்த முதல் படி இது. எம்.பி.பி.எஸ்., மூன்றாண்டு எம்.எஸ்., அதற்கு மேல் ஃபெலோஷிப் என்று படிப்பு நீள்கிறது. கை பழகுவதோ பக்கத்து அறையில் இருக்கும் பயிற்சிப் பெட்டியில். நானும் பிடித்துப் பார்த்தேன். வயிற்றுச் சுவரில் போலவே பெட்டியின் துளையிலும் கருவி ஊன்றித் திரும்புவதால், கையை வலப்பக்கம் கொண்டுபோனால் கருவியின் நுனி இடப்பக்கம் ஓடுகிறது. ஒரு ரப்பர் வளையத்தைக் கம்பியில் மாட்டுவதற்குள் தோள்பட்டை இறுகிவிட்டது.

இந்தத் துளைவழி (லேப்ராஸ்கோபி) அறுவையின் முன்னோடிகளுக்குக் கற்றுத்தர ஆளே இல்லை. ஜெர்மனியின் கீல் நகரில் குர்ட் செம் 1980இல் இம்முறையில் குடல்வாலை அகற்றியபோது சக மருத்துவர்களே கடுமையாகச் சாடினார்கள். 1985இல் எரிச் மூஹே பித்தப்பையை எடுத்தார். 1990இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் டெஹெம்டன் உட்வாடியா அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். கோவையில் வேரூன்றச் செய்தவர் சி. பழனிவேலு.

திரையில் கொழுப்பை விலக்கி விலக்கி வந்த சர்ஜன், சட்டென்று கையை நிறுத்தினார். "எத்தனை தெரியுது, சொல்லும்மா?"

"ரெண்டு, சார். நாளமும் தமனியும். பின்னால கல்லீரலும் தெரியுது."

"சிஸ்டர், கிளிப்."

பித்தப்பைக்குள் போவது இந்த இரண்டு மட்டுமே என்று உறுதியாகாமல் எதையும் வெட்டுவதில்லை. தவறிப்போய்ப் பொதுப் பித்தநாளத்தை வெட்டிவிட்டால் நோயாளி ஆண்டுக்கணக்கில் அவதிப்பட வேண்டியிருக்கும். வெட்டிய பித்தப்பை, ரப்பர் கையுறையில் செய்த சிறு பைக்குள் அடங்கி, துளை வழியே வெளியே வந்தது.

"அந்த ரெண்டும் தெளிவாத் தெரியலைன்னா?" என்று கேட்டேன்.

"வயித்தைத் திறந்துருவேனுங்க. அதுல என்ன கௌரவக் குறைச்சல்?" என்றவர், கையுறையைக் கழற்றியபடி சொன்னார்: "எங்க காலத்துல திறந்து செஞ்சு பழகிட்டு, அப்புறம் இதுக்கு வந்தோம். இவங்களுக்குத் திறந்து செய்யற கேஸே கிடைக்கறதில்ல. இக்கட்டுன்னு வந்தா தப்பிக்க வழி அது ஒண்ணுதான்."

அதனால் அப்படி ஒரு கேஸ் வரும் நாளில் கேமராவுக்கு வேலையில்லை; கத்தியை இந்த மாணவியிடம் கொடுத்துவிட்டு, சர்ஜனே உதவியாளராக நிற்கிறார்.