ரெசல்யூஷனைத் தொடாதே!

கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் வேலை கற்றுக்கொள்ளச் சேரும் எந்தப் பையனுக்கும் முதல் ஆசை ஸ்க்ரூ டிரைவர் மேல்தான். ரேமைத் துடைத்து மாட்டணும், எஸ்.எம்.பி.எஸ். மாற்றணும். கம்பத்தில் எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த அண்ணன் முதலில் கையில் கொடுத்தது இஞ்ச் டேப். "மெஷினப் பாக்குறதுக்கு முன்னாடி ஆளப் பாருடா. எங்க உக்காருறாரு, கண்ணாடி போட்டிருக்காரா, என்ன வேல பாக்குறாரு. அப்புறம் மவுஸைத் தொடு" என்பார்.

எங்களிடம் வருபவர்கள் அப்படிப்பட்டவர்கள். போடி ஏலக்காய் வியாபாரி, சின்னமனூர் வாழைக்காய் மண்டிக் கணக்குப்பிள்ளை, கே.கே.பட்டி திராட்சைக் கமிஷன் கடைக்காரர், உத்தமபாளையம் பத்திர எழுத்தர். பாதிப் பேர் நாற்பத்தைந்தைத் தாண்டியவர்கள். பழைய மானிட்டரைத் தள்ளிவிட்டுப் புது லேப்டாப் வாங்கிய மறுநாளே வந்து நிற்பார்கள்: "தம்பி, எழுத்து எறும்பு கணக்கா இருக்குப்பா."

இதற்கு ஊரில் பலரும் செய்யும் வைத்தியம் ரெசல்யூஷனைக் குறைப்பது. 1920×1080 இருப்பதை 1280×720 ஆக்கினால் எழுத்து பெரிதாகிவிடும். வந்தவரும் சந்தோஷமாகப் போவார். அண்ணனுக்கு அது ஆகவே ஆகாது. பெட்டி மானிட்டர் காலத்தில் அதில் பெரிய கெடுதல் இல்லை. எல்.சி.டி. திரையில் பிக்சல்கள் கண்ணாடியோடு பதிந்தவை, கூட்டவோ குறைக்கவோ முடியாது. 1280-ஐ 1920-ல் பரப்பும்போது ஒரு புள்ளி ஒன்றரைப் புள்ளியாக வேண்டியிருக்கிறது. அரைப் புள்ளி என்று ஒன்று கிடையாது என்பதால் எழுத்தின் ஓரமெல்லாம் கலங்கிப் போகும். அந்தக் கலங்கலைச் சாயங்காலம்வரை உற்றுப் பார்ப்பவருக்குத் தலைவலி வருவதில் என்ன ஆச்சரியம்?

டேப் எதற்கு என்பது அடுத்த பாடம். மேகின்டோஷ் 1984-ல் வந்தபோது ஓர் அங்குலத்துக்கு 72 பிக்சல் என்று வைத்தார்கள். அச்சுத் தொழிலில் ஓர் அங்குலம் 72 பாயின்ட்; திரையும் பேப்பரும் ஒத்துப்போயின. பேப்பரைவிடத் திரையைத் தள்ளி வைத்துத்தான் பார்க்கிறோம் என்று மைக்ரோசாஃப்ட் மூன்றில் ஒரு பங்கு கூட்டி 96 ஆக்கியது. விண்டோஸில் இன்றைக்கும் 100 சதவீதம் என்றால் அந்த 96-தான். எக்ஸ்பியில் மெனு எழுத்து டஹோமா 8 பாயின்ட். விஸ்டா முதல் சிகோ யூஐ 9 பாயின்ட், அதாவது 12 பிக்சல்.

அந்த 12 பிக்சல் கண்ணுக்கு எவ்வளவு உயரம் என்பதைத் திரைதான் முடிவு செய்கிறது. 18.5 அங்குல, 1366×768 மானிட்டரில் அங்குலத்துக்குச் சுமார் 85 பிக்சல். எழுத்தின் உயரம் 3.6 மில்லிமீட்டர். 15.6 அங்குல, 1920×1080 லேப்டாப்பில் அங்குலத்துக்கு 141. அதே எழுத்து 2.2 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். திரையின் அளவைப் பார்த்து விண்டோஸ் தானாகவே ஒரு ஸ்கேலை, அதாவது எத்தனை சதவீதம் பெரிதாகக் காட்டுவது என்பதை, பரிந்துரைக்கும். ஆனால் உட்காருபவரின் வயதோ, திரை எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்பதோ அதற்கு எப்படித் தெரியும்? அதை அளந்து சொல்வதுதான் எங்கள் வேலை.

ஆகவே ரெசல்யூஷனை அப்படியே விட்டுவிட்டு ஸ்கேலை ஏற்றுவோம். 150 வைத்தால் 1280×720-ல் கிடைக்கும் அதே பெரிய எழுத்துதான். ஆனால் ஒவ்வொரு பிக்சலும் உழைப்பதால் பளிச்சென்று இருக்கும். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. மண்டிகளில் ஓடும் பழைய பில்லிங் சாஃப்ட்வேர் சில 1024×768-க்காக எழுதியவை. 150-ல் உயரம் 720 அளவுக்குத்தான் இருக்கும் என்பதால் 'சேவ்' பட்டன் டாஸ்க்பாருக்குக் கீழே போய் ஒளிந்துகொள்ளும். அங்கே 125-தான் சரி. எழுத்து மங்கினால் அந்த சாஃப்ட்வேரின் ப்ராப்பர்ட்டீஸில் காம்பாட்டிபிலிட்டி போய், ஹை டிபிஐ அமைப்பில் 'சிஸ்டம் என்ஹான்ஸ்டு' வைத்துப் பார்ப்போம். பல சாஃப்ட்வேர் அதிலேயே தெளிந்துவிடும்.

தமிழ் டைப் செய்பவர் என்றால் அண்ணன் இன்னும் கண்டிப்பு. ஒரு நாள் 12 பிக்சல் தமிழை ப்ரின்ட் ஸ்க்ரீன் எடுத்து, பெயின்டில் ஒட்டி, 800 சதவீதம் பெரிதாக்கிக் காட்டினார். எழுத்தின் ஓரத்தில் செம்மையும் நீலமுமாகச் சின்னச் சின்னச் சதுரங்கள். அது எழுத்தைத் தெளிவாக்க விண்டோஸில் இருக்கும் கிளியர்டைப் செய்யும் வேலை. 'ண'வின் சுழிகள் ஒன்றோடொன்று அப்பிக்கொண்டு 'ன' மாதிரியே நின்றன. மேலே புள்ளிக்கும் கொக்கிக்கும், கீழே உகரத்துக்கும் இடம் விட்டால் நடுவில் மிஞ்சுவது சொற்பம். இந்த அளவில் பார்த்து டைப் செய்தால் விண்ணப்பத்தில் ராணி 'ரானி' ஆகிவிடும், குமாருக்குப் புள்ளி போய்விடும். அப்புறம் பெயர்த் திருத்தத்துக்கு அலையவேண்டியது அந்தக் குடும்பம். அதனால் இ-சேவை மையத்துக்குப் போனால் கன்ட்ரோலும் ப்ளஸ்ஸும் அழுத்திப் பிரவுசர் ஜூமையும் 125-க்கு ஏற்றிவிட்டுத்தான் கிளம்புவோம்.

எல்லாம் வைத்த பிறகு அண்ணன் ஒரு பில் போடச் சொல்லிப் பக்கத்தில் நின்று பார்ப்பார். முதுகு நாற்காலியில் சாய்ந்திருந்தால் சரி. அப்போதும் தலை முன்னால் நீண்டால், "அய்யா, மெஷினு சரியாத்தான் இருக்கு. தேனி அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்கு ஒரு எட்டுப் போயிட்டு வந்துருங்க" என்பார்.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் திரைக்குள் முகத்தை நீட்டி உட்கார்ந்திருந்தால் நீங்களே இதைச் செய்யலாம். டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக், டிஸ்ப்ளே செட்டிங்ஸ். ரெசல்யூஷன் 'ரெகமெண்டட்' என்பதிலேயே இருக்கட்டும், ஸ்கேலை மட்டும் ஒரு படி ஏற்றுங்கள். எழுத்து மட்டும் பெரிதானால் போதும் என்றால் விண்டோஸ் 11-ல் ஆக்சஸிபிலிட்டி பகுதியில் 'டெக்ஸ்ட் சைஸ்' இருக்கிறது. 225 சதவீதம்வரை போகும். இதற்காகக் கடைக்கு வந்து காசு கொடுக்க வேண்டியதில்லை.