வாலென்டினோவும் ஆண்களின் கோபமும்

1921 முதல் 1926 வரை அமெரிக்க மௌனப்படத் திரையில் ருடால்ஃப் வாலென்டினோ பெற்ற புகழைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அவரைக் கண்டு மயங்கிய பெண்களைப் பற்றியே எழுதுகின்றனர். அதே அரங்கில் அமர்ந்து அதே படத்தைப் பார்த்துவிட்டு எரிச்சலோடு எழுந்துபோன ஆண்கள் அவ்வரலாற்றில் நகைச்சுவைத் துணுக்காகவே இடம்பெறுகின்றனர். ஆனால் ஆண்மைக்கு இலக்கணம் வகுக்கும் உரிமை யாருக்கு என்ற பெரிய வழக்கொன்றின் சாட்சியமாகவே அந்த எரிச்சலைப் படிக்க வேண்டும்.

தென் இத்தாலியின் காஸ்டெல்லனேட்டா என்ற ஊரில் 1895இல் பிறந்து, 1913இன் இறுதியில் நியூயார்க் வந்திறங்கிய அவர், பிழைப்புக்காகச் செய்த வேலைகளில் ஒன்று, கட்டணம் பெற்றுக்கொண்டு பெண்களுடன் ஆடும் நடனத் துணைவர் வேலை. அர்ஜென்டினாவிலிருந்து பரவிய டாங்கோ நடனம் மோகமாகியிருந்த அக்காலத்தில், மாலை நேர நடனக்கூடங்களுக்குத் தனியே வந்த வசதி படைத்த பெண்களோடு ஆடிய இத்தகைய இளைஞர்களை, அதிலும் குடியேறிகளை, 'டாங்கோ கொள்ளையர்' என்று நாளேடுகள் ஏசின. ஆகவே 1921இல் வெளியான 'தி ஃபோர் ஹார்ஸ்மென் ஆஃப் தி அபோகலிப்ஸ்' படத்தின் டாங்கோ காட்சி அவரை ஒரே வீச்சில் நட்சத்திரமாக்கியபோது, அவர்மீதான ஐயம் திரைக்கு வெளியே ஏற்கெனவே உருவாகியிருந்தது. தென் ஐரோப்பியர் வருகையைக் கட்டுப்படுத்தும் ஒதுக்கீட்டுச் சட்டம் இயற்றப்பட்டதும் அதே ஆண்டில்தான். 1924இல் அது மேலும் இறுக்கப்பட்டது. அவர் நடித்த 'தி ஷேக்' படத்தில் அரபுத் தலைவனாக வரும் நாயகன் பிறப்பால் ஐரோப்பியன் என்று இறுதியில் தெரியவருவதால், அவன் அந்நியன் என்ற உறுத்தல் கதைக்குள் தீர்ந்துவிடுகிறது. நடிகரின் பிறப்புக்கு அப்படியொரு பரிகாரம் இருக்கவில்லை.

அந்நாளில் ஆண்கள் கொண்டாடிய நாயகர் டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ். மதில் தாவி, கயிற்றில் ஊஞ்சலாடி, வாள் சுழற்றிய அவரைப் பார்த்த ஆண், தானே தாவுவதாகக் கற்பனை செய்துகொள்ள முடிந்தது. வாலென்டினோவும் குதிரையேறினார், சண்டையிட்டார். எனினும் அவருடைய படங்களின் உச்சம், அண்மைக்காட்சியில் அவருடைய கண்கள் ஒரு பெண்ணின்மேல் நிலைகுத்தும் கணத்தில் இருந்தது, அக்கணத்தில் உண்மையில் பார்க்கப்படுபவர் அவரே. 1924இல் வந்த 'மோன்சியர் போகேர்' படத்தில் மாவு தூவிய பொய்முடியும் பட்டாடையும் பூண்டு அவர் தோன்றியது, இந்தக் காட்சிப்பொருள் நிலையை வெளிப்படையாக்கியது. 1920இல் நாடு தழுவிய வாக்குரிமை பெற்று, தம் ஊதியத்தில் தாமே சீட்டு வாங்கிப் படம் பார்க்கத் தொடங்கியிருந்த பெண்களின் தேர்வுக்கு ஓர் ஆண் அழகு பார்த்து நிறுத்தப்பட்டதே ஆண் பார்வையாளரை உறுத்தியது.

வெறுப்பு மட்டுமே அவர்களிடம் இருந்திருந்தால் அவரைப் புறக்கணித்திருப்பார்கள். 1922இல் 'ஃபோட்டோபிளே' இதழில் டிக் டோர்கன் எழுதிய வசைப்பகுதி, ஆண்கள் அனைவரும் அவரை வெறுப்பதாக அறிவித்து, கண், மூக்கு, பல், பளபளக்கும் முடி என ஒவ்வோர் உறுப்பாகச் சபிக்கிறது; பழைய புலவர்கள் தலைமுடி தொடங்கிப் பாதம் வரை தலைவியைப் பாடிய கேசாதிபாத வருணனையின் அமைப்பே அதற்கும் வாய்த்துவிட்டது. இவ்வளவு நுணுக்கமாக வெறுப்பதற்கு, ரசிகைக்குச் சற்றும் குறையாமல் அவரை உற்று நோக்கியிருக்க வேண்டும். மறுபுறம், வேசலின் பூசி முடியைப் படிய வாரிய இளைஞர்கள் நகரங்களில் பெருகி, 'ஷேக்' என்றே அழைக்கப்பட்டனர்; கேலி செய்த தலைமுறையே அவரைப் போலி செய்யவும் செய்தது.

இந்த இரட்டை மனநிலையின் உச்சம் 1926 ஜூலையில் வெளிப்பட்டது. சிகாகோவின் நடனக்கூடம் ஒன்றில் ஆண்களுக்கான ஒப்பனை அறையில் முகப்பூச்சு மாவு வழங்கும் இயந்திரம் இருப்பதைக் கண்டித்த 'சிகாகோ டிரிபியூன்' தலையங்கம், அமெரிக்க ஆண் நலிந்ததற்கான பழியை வாலென்டினோமேல் சுமத்தியது. இயந்திரத்தை நாடிச் சென்ற ஆண்களைவிட, அங்கே இல்லாத நடிகரைத் தண்டிப்பது எளிதாக இருந்தது. பெயர் போடாமல் எழுதியவரை அவர் குத்துச்சண்டைக்கு அழைத்தார். பதில் வராததால், நியூயார்க் விடுதியொன்றின் மொட்டைமாடியில் குத்துச்சண்டைச் செய்தியாளர் ஒருவருடன் மோதித் தம் வலிமையை மெய்ப்பித்தார். இந்தப் பழிச்சொல்லுக்கு என்ன செய்வதென்று கலங்கி அவர் ஆலோசனை கேட்ட எழுத்தாளர் எச். எல். மென்கன், லட்சக்கணக்கான இளைஞர்களின் கனவை அன்றாடம் வாழ்ந்தும் துயருற்ற மனிதராக அவரைச் சித்திரித்தார். அதே ஆண்டு ஆகஸ்ட் 23ஆம் நாள், குடற்புண் வெடித்ததைத் தொடர்ந்த நோய்த்தொற்றால், 31ஆம் வயதில் வாலென்டினோ இறந்தார்.

தம்மை எள்ளியவர்களின் அளவுகோலையே அவரும் ஏற்று, முஷ்டியால் விடைசொல்ல முயன்றதுதான் இதில் வருந்தத்தக்கது. அவருடைய உடல்வலிமையை எவரும் உண்மையில் ஐயுற்றிருக்கவில்லை. ஆண் எப்படி இருக்க வேண்டும் என்பதைச் சீட்டு வாங்கிய பெண்கள் தீர்மானிக்கத் தொடங்கியதே வழக்காக இருந்தபடியால், எந்தக் குத்துச்சண்டை வெற்றியும் அந்த வழக்கைத் தீர்த்திருக்க முடியாது.