மோகனத்தில் ஒரு டெக்னோ

அண்டர்கிரவுண்ட் டெக்னோவில் எந்தப் புதுத்தட்டு வந்தாலும் பெர்லின், டெட்ராய்ட் என்றுதான் பேச்சு. எனக்கு ஞாபகம் வருவது பம்பாய். இந்தி சினிமா இசைக்குழுக்களில் வாசித்த சரண்ஜித் சிங், 1982இல் ரோலண்டின் டிபி-303, டிஆர்-808, ஜூபிடர்-8 என்ற மூன்று கருவிகளை வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிவு செய்தார். அதில் பூபாளியும் உண்டு. நமக்கு அது மோகனம். தட்டு விலைபோகவில்லை. அதே 303ஐ வைத்துச் சிகாகோவின் ஃப்யூச்சர் குழு 'ஆசிட் டிராக்ஸ்' வெளியிட்டது 1987இல்தான். சிங்கை உலகம் கவனித்தது 2010இல், நெதர்லாந்தில் மறுபதிப்பு வந்த பிறகு.

சிகாகோ அவரைக் கேட்டுச் செய்ததல்ல. கருவியின் குணம் அப்படி: சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கும். ராகத்துக்கும் அதுதானே வேண்டும்?

கம்போங் மேடானில் உறுமி வாசிக்கும் அக்கா மகனுக்குப் போட்டுக் காட்டினேன். "மாமா, நம்ம உறுமி இழுக்கிற மாதிரியே இருக்கு லா" என்றான். வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து எழுப்பும் இழுவையைச் சொன்னான். உறுமிப் பையன்கள் என்றாலே நம்மில் பலர் முகம் சுளிக்கிறோம். தைப்பூசம் முடிந்தால் அது வெறும் சத்தம். நம் டெக்னோ அந்தச் சத்தத்திலிருந்துதான் வரக்கூடும். அதையும் 28 ஆண்டு கழித்து வெளியாள் வந்துதான் கண்டெடுக்க வேண்டுமா?