அம்பாசிடரின் 1-3-4-2

திருவண்ணாமலைக்காரர்களுக்கு அம்பாசிடரை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. அதிகாரி வந்து இறங்கியதும் அதில்தான், மாப்பிள்ளை ஊர்வலம் போனதும் அதில்தான். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரை அடிப்படையாக வைத்து, மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த வண்டி. 2014-ல் உற்பத்தி நின்றது. மிச்சம் இருப்பவற்றில் சில இன்று ஷெட்டில் தூசி படிந்து நிற்கின்றன. கெட்டுப் போனதால் அல்ல, ஒயர் மாறிப் போனதால்!

அதெப்படி என்கிறீர்களா?

பழைய 1489 சிசி பெட்ரோல் இன்ஜினில் நான்கு சிலிண்டர்கள். ரேடியேட்டர் பக்கம் இருப்பது ஒன்றாம் நம்பர். ஆனால் தீப்பொறி 1, 2, 3, 4 என்று போகாது. 1-3-4-2 என்றுதான் போகும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் சுற்றும் ரோட்டார்தான் ஒவ்வொரு ஒயருக்கும் முறை வைத்துக் கரண்ட் கொடுக்கிறது. இன்ஜின் 3000 ஆர்பிஎம்மில் ஓடினால் நிமிடத்துக்கு 6000 தீப்பொறிகள்!

இந்த ஊரில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரின் அம்பாசிடருக்கு யாரோ புது பிளக் ஒயர் மாட்டினார்கள். அன்றிலிருந்து வண்டி உதறல். கார்புரேட்டர் வழியே 'டப் டப்' என்று வெடி. "காயலான் கடையில் போட்டுடலாம்ப்பா" என்றார் மகன். பழைய மெக்கானிக் ஒருவர் வந்து மூடியைப் பார்த்தார். "சார், வரிசை சரிதான். சுத்துற திசைதான் தப்பு" என்றார்.

அந்த ரோட்டார் மேலிருந்து பார்த்தால் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும். ஒயரோ கடிகாரத் திசையில் மாட்டப்பட்டிருந்தது. ஆகவே 1, 4 சரியாக அமைந்தன; 2, 3 இடம் மாறின. இன்லெட் வால்வு திறக்கும் நேரத்தில் பொறி விழுந்தால் வெடிக்காமல் என்ன செய்யும்? இரண்டு ஒயரை மாற்றினார், உதறல் நின்றது. செலவு? ஒரு டீ!

அடுத்தது டைமிங். கார்த்திகை தீபத்தன்று நெய்யும் திரியும் மலைமேல் தயாராக இருந்தாலும், கோயிலில் அர்த்தநாரீஸ்வரர் வெளியே வந்து காட்சி தரும் வேளையில்தான் தீபம் ஏற்றுவார்கள். இன்ஜினுக்கும் அப்படி ஒரு வேளை உண்டு. பெட்ரோல் கலவை எரியக் கொஞ்ச நேரம் ஆகும் என்பதால், பிஸ்டன் உச்சியைத் தொடுவதற்குச் சற்று முன்பே பொறி விழ வேண்டும். ரொம்ப முந்தினால் மேட்டில் ஏறும்போது இன்ஜின் 'டொக் டொக்' என்று தட்டும். பிந்தினால் இழுவை இருக்காது, சூடு ஏறும், பெட்ரோல் குடிக்கும்.

சரிசெய்ய 12 வோல்ட் பல்பு ஒன்று போதும். முதலில் பாயிண்ட் இடைவெளியை 0.015 அங்குலமாகவும், பிளக் இடைவெளியை 0.025 அங்குலமாகவும் வையுங்கள். ஒன்றாம் சிலிண்டரைக் கம்ப்ரெஷனுக்குக் கொண்டு வந்து, கிராங்க் புல்லியின் குறியை மேனுவல் சொல்லும் டிகிரியில் நிறுத்துங்கள். டிஸ்ட்ரிபியூட்டரின் லோ டென்ஷன் ஒயருக்கும் பாடிக்கும் நடுவே பல்பை இணைத்து, சாவியை ஆன் செய்யுங்கள். டிஸ்ட்ரிபியூட்டரை மெல்லத் திருப்பும்போது, பாயிண்ட் திறக்கும் கணத்தில் பல்பு எரியும். அங்கேயே போல்ட்டை இறுக்குங்கள். அவ்வளவுதான்.

வருடாவருடம் தேய்மானம் கழித்தால் கணக்குப் புத்தகத்தில் இந்த வண்டியின் மதிப்பு ஒன்றுமில்லை என்ற அளவுக்கு வந்துவிடும். போதாததற்கு, 15 வருடம் தாண்டிய சொந்த வண்டிக்கு 5 வருடத்துக்கு ஒருமுறை எஃப்.சி. காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். உதறும் வண்டியை யார் அங்கே கொண்டு போவார்கள்? இரும்பு விலைக்குப் போய்விடும். கூடவே, காதால் கேட்டே கோளாறு சொல்லும் மெக்கானிக்குகளும் குறைந்து வருகிறார்கள். அவர்களிடம் இருப்பதற்குத் தேய்மானக் கணக்கு எந்தப் புத்தகத்திலும் இல்லை.

வீட்டில் பழைய வண்டி இருந்தால், ஒயரைக் கழற்றும் முன் ஒவ்வொன்றிலும் டேப் ஒட்டி நம்பர் எழுதி வையுங்கள். பக்கத்தில் ஒரு பெரிய மெக்கானிக் இருந்தால், அவர் டைமிங் வைக்கும்போது கூடவே நின்று ஒருமுறை பாருங்கள். காயலான் கடைக்கு அப்புறம் போன் போடலாம்.