பல் துலக்கற் பாடம்

காரைக்காற் பகுதியில் திருநள்ளாற்றை அடுத்த அம்பகரத்தூர் எனது ஊர். பத்திரகாளியம்மன் திருக்கோயிலால் பெயர் பெற்ற அவ்வூரைச் சுற்றிலும் நெல்வயல்களே. நெல் விளையும் ஊரில் உமிக்குப் பஞ்சமில்லை; ஆதலின் உமிக்கரிக்கும் பஞ்சமில்லை. எங்கள் பாட்டனார் அதனை உப்புடன் பொடித்துக் கொட்டாங்கச்சியில் வைத்திருப்பார். "அழுத்தித் தேய், தம்பி, பல் பளபளக்க வேண்டும்" என்பதே கிணற்றடியில் அவர் எனக்குக் கற்பித்த முதற்பாடம்.

கல்லூரி விடுதி புகுந்தபின் கரி போய்ப் பிரஷும் பற்பசையும் வந்தன. கைப்பழக்கம் மட்டும் மாறவில்லை. முரட்டு நார்ப் பிரஷ் ஒன்றை வாங்கி, மரம் அறுப்போர் வாள் இழுப்பதுபோல் இடமும் வலமுமாக இழுத்தேன். இரண்டாம் ஆண்டில் குளிர்ந்த நீர் பட்டாலே பல் கூசிற்று. கண்ணாடியில் நோக்கினேன்; கோரைப்பற்களினடியில் ஈறு விலகி, மஞ்சள் நிற வேர் தெரிந்தது.

பல் மருத்துவர் ஒருவரை அணுகினேன். "தம்பி, நீங்கள் பல்லைத் துலக்கவில்லை, தேய்த்துக் குறைத்திருக்கிறீர்கள். தேய்ந்த எனாமல் மீண்டும் வளராது, இறங்கிய ஈறும் தானே ஏறாது" என்றார். இருபது வயதில் அச்சொல் கேட்டுத் திடுக்கிட்டேன்.

அவர் விளக்கியதன் சாரம் இது. உமிக்கரியில் மணற்சத்தாகிய சிலிக்கா மிகுதி. அது பல்லை அராவும். நாம் நீக்க வேண்டுவதோ நாள்தோறும் படியும் மெல்லிய கிருமிப்படலமே. அதற்கு மென்மையான நாரே போதும். நீக்காது விடின், உமிழ்நீரிலுள்ள சுண்ணச்சத்துச் சேர்ந்து காரையாக இறுகும். பின்னர்ப் பிரஷுக்கு அசையாது.

அமெரிக்க மருத்துவர் சார்லஸ் பாஸ் என்பார் 1954-இல் வெளியிட்ட முறையைத் தழுவியே இன்று பலரும் கற்பிக்கின்றனர். பிரஷை எழுதுகோல்போல் இலேசாகப் பிடித்து, ஈறும் பல்லும் கூடுமிடத்தில் 45 பாகை சாய்த்து வைத்து, அவ்விடத்திலேயே சிறிது சிறிதாக அசைத்து, பின் ஈற்றினின்று பல்நுனி நோக்கி வழித்துவிடல் வேண்டும். வெளிப்புறம், உட்புறம், மெல்லும் பரப்பு ஆகிய மூன்றையும் 2 நிமிடம் துலக்குக. காலையினும் இரவு இன்றியமையாதது. உறக்கத்தில் உமிழ்நீர் குறையுமன்றோ? ஃபுளோரைடு கலந்த பசை பட்டாணியளவு போதும். துப்பியபின் மிகக் கொப்பளியாதிருப்பின் அது பல்லில் தங்கிக் காக்கும்.

விடுமுறையில் இதனைப் பாட்டனாரிடம் செய்து காட்டினேன். பற்கள் பாதியாய்த் தேய்ந்தமையால் முறுக்கையும் காப்பியில் ஊறவைத்தே உண்பவர் அவர். "இவ்வளவு மெதுவாகவா? அழுக்குப் போகுமா?" என்று நகைத்தார். யான் மறுமொழி கூறவில்லை. ஆயின் மறுநாட் காலை, கிணற்றடியில் என் தங்கை மகனிடம் அவர், "மெல்லத் தேய், தம்பி, மெல்ல" என்று கூறக் கேட்டேன்.

நண்பர்காள், குச்சியோ பிரஷோ, கருவி பெரிதன்று, கைம்முறையே பெரிது. யான் காலந்தாழ்த்திக் கற்ற பாடத்தை நீவிர் இன்றிரவே தொடங்குமின்.